நாலு பெட்டி, நாலு வயர், ஒரு சண்டை!

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், நாம் கிளம்புகிறோம் என்று தெரிந்தால் என்ன கேட்பார்கள்? அப்பளம், வடாம், சாம்பார் பொடி, முடிந்தால் ஒரு பாட்டில் மாவடு. என் அக்கா வீட்டுக்காரர் போனில் கேட்டது இது:

"மாப்ளே, ரிச்சி தெருவுல சாலிடரிங் அயர்ன் முனை விப்பான். மெல்லிசா ரெண்டு வாங்கிட்டு வா."

"ஏன் அத்தான், பர்மிங்ஹாம்ல கிடைக்காதா?"

"கிடைக்கும். இங்கே ஒண்ணு வாங்கற காசுல அங்கே நாலு வாங்கலாமே!"

மனுஷன் இங்கிலாந்து போய் நாற்பத்தைந்து வருஷம். இன்னும் பவுண்டை ரூபாயால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார்.

2024 ஜூன் மாதம். நான் போய் இறங்கிய அன்று பர்மிங்ஹாமில் அபூர்வமாக வெயில். தோட்டத்தில் ஒரு மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டரின் மேல் மூடி ஒன்று, சமையலறையில் சோறு மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கிடக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு அத்தான் காவல். வடாம் காயப்போட்டு காக்கா விரட்டுகிற மாதிரியே இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"பழுப்பு போறதுக்கு. பியூட்டி பார்லர்ல தலைமுடியை வெளுக்க ஒரு கிரீம் போடுவாங்க பாரு, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதைத் தடவியிருக்கேன். மேலே வெயில் படணும்."

விளையாட்டில்லை, நிஜமாகவே வேலை செய்கிற வைத்தியம்தான். பழைய கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக்கில், தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் கலந்த ரசாயனம் சேர்ப்பார்கள். வருஷம் போகப்போக அது பழுத்து, வெற்றிலை போட்ட பல் மாதிரி ஆகிவிடும். பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தால் பழைய சாம்பல் நிறம் திரும்புகிறது.

"கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு டப்பா ஹேர் டை வாங்கித் தந்ததில்லை. அந்தப் பெட்டிக்கு இது மூணாவது டப்பா" என்றாள் அக்கா, காபியை வைத்தபடி.

அந்தப் பெட்டி அட்டாரி எஸ்டி. அதே மாதிரி நாலு வீட்டில் இருந்தது. நாலையும் வயரால் கோத்து ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்பது அத்தானின் திட்டம். ஜூலைக்குள் ஆடியாக வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி.

கமோடோர் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியவர் ஜாக் ட்ராமியல். ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிரோடு வந்தவர். 1984-ல் தன் சொந்தக் கம்பெனியை விட்டே வெளியேறி, அதே வருஷம் அட்டாரியின் ஹோம் கம்ப்யூட்டர் பிரிவை விலைக்கு வாங்கினார். அடுத்த வருஷமே அவர் கொண்டுவந்ததுதான் 520 எஸ்டி. 8 மெகாஹெர்ட்ஸ் வேகம், 512 கிலோபைட் நினைவகம். இன்று உங்கள் செல்போனில் 'குட் மார்னிங்' என்று ரோஜாப் பூவோடு ஒரு படம் வருகிறதே, அது ஒன்றே அந்த நினைவகத்தில் அடங்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அதில் ஒரு விசேஷம் இருந்தது. மற்ற கம்ப்யூட்டர்களில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய 'மிடி' இணைப்பு, இதில் கூடவே பிறந்தது. ஐந்து முள் பிளக் சொருகும் வட்டமான இரண்டு ஓட்டைகள். ஒன்று 'இன்', ஒன்று 'அவுட்'.

மிடி என்பது சங்கீதக்காரர்கள் சமாசாரம். 1983-ல் ரோலண்ட் கம்பெனியின் கீபோர்டையும் இன்னொரு கம்பெனியின் கீபோர்டையும் ஒரு கண்காட்சியில் வயரால் இணைத்துக் காட்டினார்கள். இதில் கட்டையை அழுத்தினால் அதில் சத்தம் வரும்! வயரில் போவது சத்தம் அல்ல. 'இந்தக் கட்டை அழுத்தப்பட்டது, இத்தனை அழுத்தமாக' என்ற தகவல் மட்டுமே. வேகம் விநாடிக்கு 31,250 பிட்டுகள். வாத்தியம் வாசிக்க அது தாராளம். பாட்டு ஸ்டூடியோக்களில் பலரும் பயன்படுத்தும் க்யூபேஸ் என்ற சாஃப்ட்வேர் 1989-ல் பிறந்தது இந்த அட்டாரி எஸ்டியில்தான்.

சரி, சங்கீதத்துக்காக வைத்த ஓட்டை. சும்மா இருப்பார்களா? 1987-ல் ஸாந்த் என்ற அமெரிக்கக் குழு ஒரு விளையாட்டு எழுதியது. வெளியிட்டதோ ஹைப்ரிட் ஆர்ட்ஸ் என்ற சங்கீத சாஃப்ட்வேர் கம்பெனி. பெயர் 'மிடி மேஸ்'. மேஸ் என்றால் சுற்றுவழிப் பாதை. பெட்டிகளை வட்டமாக மிடி வயரால் இணைத்தால், பதினாறு பேர் வரை ஒரே சுற்றுவழிக்குள் நுழைந்து, ஒருவரை ஒருவர் துரத்திச் சுடலாம். அவரவர் திரையில் அவரவர் கண்ணால் பார்க்கும் காட்சி. பதினாறு பேரும் யார் தெரியுமா? பெரிய மஞ்சள் லட்டு மாதிரி, கண்ணும் வாயும் வைத்த உருண்டைச் சிரிப்பு மூஞ்சிகள். நிறம் மட்டும் ஆளுக்கொன்று.

சிரித்துக்கொண்டே சுடும். (பங்காளிகள் சொத்துப் பிரிக்கிற வீட்டில் பார்த்திருப்பீர்கள்.)

இந்த ரகத்தில் உலகமே கொண்டாடிய 'டூம்' வந்தது 1993 டிசம்பரில். அதில் நெட்வொர்க்கில் சேர்ந்து ஆட நாலு பேருக்குத்தான் இடம். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, சங்கீத வயரை வைத்துக்கொண்டு பதினாறு பேர்! ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கும் முன்னாலேயே நடந்திருக்கிறது. 1973-74 வாக்கில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 'மேஸ் வார்' என்று ஒரு விளையாட்டு எழுதி, இரண்டு இம்லாக் கம்ப்யூட்டர்களை இணைத்து ஆடியிருக்கிறார்கள். ஆனால் அது சர்க்கார் மெஷின். வீட்டு ஹாலில் நடந்த கதை வேறு.

அந்த ஹால் கதைக்கு நான் கண்கண்ட சாட்சி.

1991. நான் வேலை பார்த்த கம்பெனி என்னை மூன்று மாத டிரெயினிங்குக்கு இங்கிலாந்து அனுப்பியது. சனி, ஞாயிறு அக்கா வீட்டில் டேரா. அக்கா பையனுக்கு அப்போது பதினோரு வயது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மணி அடிக்கும். திறந்தால் தெருவே குடிபெயர்ந்து வருகிற மாதிரி இருக்கும். ஒருத்தன் தோளில் கம்ப்யூட்டர். ஒருத்தன் கையில் வயர் மூட்டை. மூன்றாமவன் அவன் வீட்டுக் கைக்குழந்தையின் தள்ளுவண்டியில் டி.வி.யைப் படுக்க வைத்து, பெல்ட் போட்டுக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவான். (குழந்தை எங்கே என்று நான் கேட்டதில்லை.) ஆளுக்கு ஒரு டி.வி. வேண்டுமே! ஹாலில் நாலு டி.வி., நாலு அட்டாரி. ஜாய்ஸ்டிக் சொருகும் இடத்தைக் கீபோர்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் குழந்தை மாதிரிக் குப்புறப் போட்டுத்தான் சொருக வேண்டும்.

நான் உப்புக்குச் சப்பாணி. யாராவது சாப்பிடப் போனால் அந்த இடத்தில் உட்காருவேன். உட்கார்ந்த அரை நிமிஷத்தில் செத்துப்போவேன். கொஞ்ச நேரத்தில் உயிர் வரும். மறுபடி சாவேன்.

வயர் இணைப்பு எப்படி என்றால், முதல் பெட்டியின் 'அவுட்' இரண்டாவதன் 'இன்'னில். இரண்டாவதன் 'அவுட்' மூன்றாவதன் 'இன்'னில். கடைசிப் பெட்டியின் 'அவுட்' திரும்ப முதல் பெட்டிக்கே. வட்டம் பூர்த்தி. ஆட்டம் தொடங்கும் முன் தலைவர் பெட்டி ஒரு எண்ணை அனுப்பும். ஒவ்வொரு பெட்டியும் அதோடு ஒன்று கூட்டி அடுத்த பெட்டிக்குத் தள்ளும். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வரிசையாக நிற்க வைத்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு...' சொல்ல வைப்பாரே, அதுவேதான். எண் சுற்றி வந்து சேர்ந்தால், எத்தனை பேர் என்று தலைவருக்குத் தெரிந்துவிடும். வரவே இல்லையென்றால் எங்கேயோ வயர் கோளாறு.

அப்புறம் ஆட்டம். இத்தனை மெதுவான வயரில் இவ்வளவு பெரிய விளையாட்டு எப்படிப் போகிறது? போகவில்லை என்பதுதான் சூட்சுமம். தபால் கார்டில் செஸ் ஆடுவார்கள், தெரியுமா? இரண்டு பேர் வீட்டிலும் போர்டும் காயும் இருக்கும். தபாலில் போவது 'குதிரையை இங்கே நகர்த்தினேன்' என்ற ஒரு வரி மட்டும். இங்கேயும் நாலு பெட்டியிலும் முழு ஆட்டமும் தனித்தனியாக நடக்கிறது. வயரில் போவது, 'என் ஆள் ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினான், சுட்டான்' என்பது மட்டுமே. ஒரு தடவைக்கு, ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு பைட். எல்லார் தகவலும் எல்லாருக்கும் வந்த பிறகுதான் நாலு பெட்டியும் ஒன்றாக அடுத்த அடி எடுத்து வைக்கும். யாரும் தனியாக முன்னால் ஓட முடியாது.

கட்டட வேலையில் காங்கிரீட் போடும்போது சட்டி கைமாறிப் போகுமே, அந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ஆள் பீடி பிடிக்கப் போனால் மேலே இருக்கிற மேஸ்திரிக்குச் சட்டி வராது. தோற்கிற பையன் கோபித்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்தால், நாலு பேருக்கும் ஆட்டம் அம்பேல். அதனால் தோற்கிறவனை யாரும் ரொம்பக் கேலி செய்ய மாட்டார்கள். அக்கா வடை தட்டில் முதல் வடையும் அவனுக்குத்தான் போகும்.

இப்படி ஒரு சனிக்கிழமை. அக்கா பையன் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. அந்த ஆளையும் ஒரு முட்டுச்சந்தில் மடக்கிவிட்டான். அந்தப் புண்ணிய நேரத்தில் நான் டீ எடுக்க எழுந்தேன். கால் ஒரு வயரில் மாட்டியது. நாலு டி.வி.யிலும் நாலு லட்டு மூஞ்சிகளும் சிரித்தபடியே உறைந்து நின்றன.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அத்தான் அப்போதெல்லாம் ஆட்டத்தில் சேர்ந்ததில்லை. வேலை முடிந்து வருவார். ஹால் வாசலில் கோட்டைக் கழற்றாமல் நிற்பார். ஓடுகிற டி.வி.க்களை விரலால் எண்ணுவார். மனசுக்குள் கரண்ட் பில் ஓடும். "அப்பா, நீ ஒரு ஆட்டம் வா" என்று பையன் கூப்பிடுவான். (அங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழில் 'நீங்க' கிடையாது. யாராக இருந்தாலும் 'நீ'தான்.) "எனக்கு வேலை இருக்கு" என்று மாடி ஏறிவிடுவார். பரீட்சை வந்தால் ஜாய்ஸ்டிக் பீரோவுக்குள் போகும். சாவி அவர் பாக்கெட்டில்.

அட்டாரி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் வீட்டு கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லாருக்கும் இந்த ஆசை இருந்தது. 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமுக்கு அடுத்த வருஷமே 'இன்டர்ஃபேஸ் 1' என்று ஒரு பெட்டி வந்தது. டிரான்சிஸ்டரில் இயர்போன் சொருகுவோமே, அதே மாதிரிச் சின்ன ஜாக் வயரால் 64 ஸ்பெக்ட்ரம்களைக் கோக்கலாம் என்றார்கள். கோக்கலாம்தான். 64 பேரைக் கூட்டுவதற்குக் கல்யாண மண்டபம் அல்லவா வேண்டும்! அதற்கென்று வந்த விளையாட்டுகளும் சொற்பமே.

இரண்டு பேர் மட்டும் ஆட வேறு வழி இருந்தது. மோடம் சொருகும் சீரியல் போர்ட்டில் 'நல் மோடம்' என்ற வயர். இதில் ஒரு தந்திரம் உண்டு. சாதாரண வயரில் இரண்டு கம்ப்யூட்டர்களை நேருக்கு நேர் இணைத்தால், இதன் வாய் அதன் வாயோடும், இதன் காது அதன் காதோடும் சேரும். இரண்டும் பேசும், இரண்டும் கேட்காது. (உதாரணத்துக்கு என் வீட்டைச் சொல்லலாம், என் மனைவியும் இந்தப் பத்திரிகை வாங்குகிறாள் என்பதால் விட்டுவிடுகிறேன்.) நல் மோடம் வயரில் வாயையும் காதையும் குறுக்கே மாற்றிக் கட்டியிருப்பார்கள். 1989-ல் ஜெஃப் க்ராம்மண்ட் எழுதிய 'ஸ்டன்ட் கார் ரேஸர்' என்ற கார்ப் பந்தயத்தில், ஒரு பக்கம் அட்டாரி, மறுபக்கம் அதன் ஜென்ம விரோதி அமீகா, இரண்டையும் இந்த வயரால் இணைத்து ஓட்டலாம். கடையில் இரண்டு கம்பெனிகளும் அடித்துக்கொள்ள, வீட்டில் இரண்டு பெட்டிகளும் ஒரே ரோட்டில் ஓடின.

சரி, 2024-க்கு வருவோம். அந்த ஜூலைக் கெடு.

வீட்டை விற்றாயிற்று. அத்தானுக்கு வயது 74, முட்டி வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. அதே ஊரில், தரைத்தளத்தில், இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றை வாங்கிவிட்டார். இதில் தப்பு ஒன்றுமில்லை. பையனிடம் சொல்லாமல் செய்ததுதான் தப்பு. அவன் லீட்ஸில் இருக்கிறான். அப்பா, அம்மா வந்தால் தங்கட்டும் என்று தன் வீட்டில் கீழே ஒரு அறையை ஒதுக்கி, பாத்ரூமில் கைப்பிடி எல்லாம் வைத்திருந்தான். இவர் பத்திரம் முடிந்த பிறகு அக்காவை விட்டுப் போனில் சொல்ல வைத்தார்.

"எட்டு மாசமா ரெண்டு பேரும் பேசறதில்லைடா. போன் வந்தா ஸ்பீக்கர்ல போடுவேன். அவன் 'அப்பா சாப்பிட்டாரா'ன்னு என்னைக் கேப்பான். இவர் 'சாப்பிட்டேன்னு சொல்லு'ன்னு என்கிட்ட சொல்வார். ரெண்டு குரலும் ரெண்டு பேருக்கும் கேக்குது. நடுவுல நான் எதுக்கு?" என்றாள் அக்கா.

பரணில் இருந்த அட்டாரி ஒன்றுதான் பையனுடையது. மற்ற மூன்றும் அத்தான் ரிடையர் ஆன பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா உக்காந்திருந்தா உங்கக்கா கத்தரிக்காய் நறுக்கச் சொல்றா" என்றார். ஃப்ளாப்பி டிரைவ் கெட்டுப்போன பெட்டிகளில், அந்த இடத்தில் பென் டிரைவ் செருகும் சாதனம் பொருத்தியிருந்தார். ஜாய்ஸ்டிக் நாலு. அதில் ஒன்று, பழைய பீரோ ஜாய்ஸ்டிக்.

நான் லீட்ஸுக்குப் போன் போட்டேன். "உங்கப்பா உன் அட்டாரியைக் குப்பையில போடப் போறார்டா. வேணும்னா சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ." பொய்தான். மாமா சொல்லலாம்.

வந்தான். 44 வயது, முன்மண்டை வழுக்கை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "மாமா, வயரை நீதானே பிடுங்கினே?" முப்பத்து மூன்று வருஷம்!

அப்பாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவரும் ஒரு தலையசைப்பு. இரண்டு மாடுகள் வண்டியில் பூட்டிய மாதிரி.

ஹாலில் நாலு பெட்டிகள் வட்டமாக. ஒன்றில் அத்தான், அடுத்ததில் பையன், அடுத்து நான். நாலாவதுக்கு ஆள் இல்லாமல் அக்காவை உட்கார வைத்தோம். பையன் பெட்டி தலைவர். எண்ணிக்கையை அனுப்பினான்.

திரும்பி வரவில்லை.

மறுபடி அனுப்பினான். ம்ஹூம்.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, முதலில் இரண்டு பெட்டிகளை மட்டும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது. வேலை செய்தால் மூன்றாவதைச் சேர்ப்பது. எங்கே நிற்கிறதோ அங்கே திருடன். சொருகும்போது 'இன்' எது, 'அவுட்' எது என்று கண் தெரிய வேண்டும். பையன் மேஜைக்கடியில் படுத்திருந்தான். அத்தான் மேலிருந்து வயரை நீட்டினார்.

"அவுட்டா, இன்னா?" என்றான் கீழே இருந்து.

"அவுட்டு" என்றார் இவர்.

எட்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் நேரடியாகப் பேசியது இதுதான். அக்கா என் முழங்கையில் கிள்ளினாள்.

இரண்டு சரி. மூன்று சரி. நாலாவது வயரைச் சேர்த்தால் நின்றது. எடுத்துப் பார்த்தால், அது மிடி வயரே இல்லை. அத்தான் பழைய டேப் ரிக்கார்டர் வயரைப் போட்டிருக்கிறார்! அதே ஐந்து முள், அதே வட்டம், அதே பிளக். காசு மிச்சம் பிடிக்கிற புத்தி. (அதையும் ரூபாயால் பெருக்கியிருப்பார்.)

முள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கட்டியிருக்கிற விதம் வேறு. மிடியில் தகவல் போவது நாலாம் முள்ளிலும் ஐந்தாம் முள்ளிலும். வாங்கிக்கொள்ளும் பெட்டிக்குள் கடுகு மாதிரி ஒரு விளக்கு இருக்கிறது. தகவல் வந்தால் அது மினுக்கும். எதிரே இருக்கிற ஒளி உணரும் சில்லு அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஒரு பெட்டியின் மின்சாரம் அடுத்த பெட்டிக்குள் நுழைந்து கீபோர்டில் இரைச்சல் போடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆக, கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொள்கின்றன. டேப் ரிக்கார்டர் வயர் சிலவற்றில், ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்ய வசதியாக, நாலையும் ஐந்தையும் குறுக்கே மாற்றியிருப்பார்கள். கரன்ட் தலைகீழாகப் போகும். விளக்கு எரியாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். நாலில் வைத்தால் மறுமுனையில் ஐந்து 'பீப்' என்றது.

"புதுசு ஆர்டர் பண்ணிடலாம். திங்கக்கிழமை வரும்" என்றேன் நான்.

"திங்கக்கிழமை நான் இருக்க மாட்டேன்" என்றான் பையன்.

அத்தான் எழுந்து போய் சாலிடரிங் அயர்னை எடுத்து வந்தார். ரிச்சி தெரு முனையை மாட்டினார். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி, நாலாம் வயர்மேல் முனையை வைத்தார். கை நடுங்கியது. முனை பக்கத்து முள்ளில் பட்டது. மறுபடி வைத்தார். மறுபடி நடுக்கம். அந்தக் கை நடுங்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பையனுக்கும் தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"எப்ப இருந்துப்பா?"

"போன வருஷம். டாக்டர் வயசுதான் காரணம்னுட்டார். பெரிசா ஒண்ணும் இல்லை."

"சொல்லலை?"

அவர் பதில் சொல்லவில்லை. அயர்னை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். இவர் டார்ச் பிடித்தார். டார்ச்சும் லேசாக ஆடியது. அந்த ஆடுகிற வெளிச்சத்திலேயே நாலை ஐந்தின் இடத்திலும், ஐந்தை நாலின் இடத்திலும் மாற்றிப் பற்றவைத்தான். குங்கிலியம் மாதிரி ஒரு மணம் ஹால் முழுக்கப் பரவியது.

எண்ணிக்கை அனுப்பினான். சுற்றி வந்தது. நாலு!

அப்புறம் ஆட்டம்தான். திரையின் ஒரு பகுதியில்தான் காட்சியே. சுவர்கள் வெறும் பட்டை. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் இது என்ன, வீட்டு பிளானா என்று கேட்பார்கள். ஆனால் திருப்பத்தில் ஒரு லட்டு மூஞ்சி திடீரென்று எதிரே வந்து நிற்கும்போது, அக்கா நிஜமாகவே நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். "எவன்டா சுட்டது?" என்று கேட்பாள். பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பான். யார் என்று தெரிந்துவிடும். எதிரி எங்கோ அமெரிக்காவில் இருந்தால் இந்தச் சுகம் ஏது?

அத்தானுக்கு ஜாய்ஸ்டிக்கைத் திருப்ப வரவில்லை. சுவரைப் பார்த்தே அரை மணி நேரம் நடந்தார். பையன் அவரைச் சுடாமல் சுற்றிச்சுற்றிப் போவதைப் பார்த்துவிட்டு, "டேய், விட்டுக்கொடுத்து ஆடற வேலை வேணாம்" என்றார். அடுத்த விநாடி சுட்டான். "ஆங்!" என்று சந்தோஷமாகச் செத்தார்.

ஒரு கட்டத்தில் பையன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அந்த ஃப்ளாட்டுல ஹால் எத்தனை அடி?"

"இதுல பாதி."

"நாலு மேஜை போட முடியுமா?"

"சாப்பாட்டு மேஜையை எடுத்துட்டா போடலாம்."

"எடுக்க விட மாட்டேன்" என்றாள் அக்கா, சுட்டுக்கொண்டே. அன்று அதிக ஆட்டம் ஜெயித்தது அக்காதான். எப்படி என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. கேட்டதற்கு, "நீங்க மூணு பேரும் பேசிட்டு இருந்தீங்க" என்றாள்.

சாயங்காலம் காரில் ஏற்றும்போது பங்கு பிரித்தார்கள். இரண்டு பெட்டி லீட்ஸுக்கு, இரண்டு ஃப்ளாட்டுக்கு. ஜாய்ஸ்டிக்கும் அப்படியே. பீரோ ஜாய்ஸ்டிக் பையனுக்கு. வயரில்தான் வந்தது தகராறு. இரண்டு பெட்டியை இணைக்க இரண்டு வயர் வேண்டும், கொடு என்றான் பையன். அத்தான் நாலையும் சுருட்டி, ரப்பர் பாண்டு போட்டு, தன் மருந்து டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"வரும்போது இங்கேயே இருக்கும்" என்றார்.

"ரெண்டு பெட்டியை வெச்சுக்கிட்டு வயர் இல்லாம நான் அங்கே என்னப்பா பண்றது?"

"துடைச்சு வை. பழுப்பு ஏறிடும்."

நான் சென்னை திரும்பிய பிறகு அக்கா போன் செய்தாள். ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்களாம். சாப்பாட்டு மேஜை வரவில்லையாம். ஹாலில் இடம் போதவில்லை என்று சொல்லி விற்றுவிட்டாராம்.

"அடுத்த மாசம் அவன் வரானாம்டா. உன்னை ஒண்ணு கேக்கச் சொன்னார் அத்தான். ரிச்சி தெருவுல மிடி வயர் என்ன விலைன்னு விசாரிப்பியாம்."